மலைமீது போட்ட பழி

கடைக்காரன் தராசைத் தூக்கும்போது நான் தட்டைப் பார்ப்பதில்லை, அவன் சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். பால் வாங்கினால் ஒரு சொட்டு நகத்தில் விட்டுப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. இது பிறவிக் குணமா, தொழில் கொடுத்த குணமா என்று தெரியவில்லை. நான் கொத்தன். கண்ணுக்கு நேராகத் தெரிகிற சுவரை நம்பாதே, நூல் விட்டுப் பார் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற தொழில் இது. அப்படி வளர்ந்தவன் மனிதர்களை மட்டும் எப்படி நூல் விடாமல் நம்புவான்?

இந்தக் குணத்தால் ஒரு தடவை ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மலாயாவில், தங்காக்கிலிருந்து லேடாங் மலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அங்கே பால்மரம் சீவுகிறவர்கள் இருநூறு பேர் இருந்தால் கொத்தர்கள் இரண்டே பேர். நான் பெரிய கொத்தன். என் மனைவியின் தம்பி சின்னக் கொத்தன். இருவரும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். அந்த வருஷம் அவன் பெண்டாட்டி தலைச்சன் பிள்ளைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை புதிதாக ஒரு புகைக்கூடம் கட்டச் சொன்னார். ரப்பர் தகடுகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகையில் காயவைக்கிற கட்டடம். பழையது பலகைக் கட்டடம், ஒரு நாள் தீப்பிடித்துப் போய்விட்டது. அதனால் இது செங்கல். நீளவாட்டில் இரண்டு சுவர், பதினெட்டடி உயரம். முன்னும் பின்னும் மரக்கதவு வரும், அது தச்சன் பாடு. மலையைப் பார்த்த சுவரை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். நாங்கள் குடியிருந்த லயத்தைப் பார்த்த சுவரை நான் வைத்துக்கொண்டேன். என் சுவரை என் மனைவி தினமும் பார்ப்பாள் அல்லவா, அந்தப் பெருமை எனக்கு.

வேலை தொடங்கியது ஆயுத பூசைக்கு மறுநாள். பூசை எங்களுக்குப் பெரிய விசேஷம். கரண்டி, மட்டப்பலகை, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி வாழையிலையில் வைப்போம். தூக்குக்குண்டுக்குத் தனி மரியாதை. அது பித்தளைக் குண்டு. நூலில் கோத்துத் தொங்கவிடுவோம். நூலின் மேல் பக்கம், நடுத்துளையில் நூல் ஓடுகிற ஒரு சின்ன மரக்கட்டை இருக்கும். கட்டையைச் சுவரின் மேலே ஒட்டிப் பிடித்தால் குண்டு கீழே தொங்கும். குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் நேர். பழைய நூலை அறுத்துப் போட்டு, குண்டைப் புளி போட்டு விளக்கி, கட்டைக்கு எண்ணெய் தடவி, குண்டு முழுக்கச் சந்தனம் அப்பிப் பொட்டு வைப்போம். பூசை முடிந்ததும் மூத்தவன்தான் புது நூல் கட்டி, அவரவர் கருவியை அவரவர் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். இளையவன் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வான். அந்தச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது. வேலையிலேயே உதிர வேண்டும்.

அன்றும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உடைத்த தேங்காயில் ஒரு மூடி குறைகிறதே, யார் கை வைத்திருப்பார்கள் என்று ஒரு கண் அங்கேயே இருந்தது எனக்கு.

சுவர் ஒரு மூன்றடி எழும்பிய சமயம் தோட்டத்து எல்லைக்கல் நட ஒருவர் வந்தார். சிங்கப்பூரில் படித்த தமிழர், என்னைவிட இளையவர். எல்லோரும் சர்வே ஐயா என்றார்கள். முக்காலியின் மேல் ஒரு தூரக் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு தூக்குக்குண்டு தொங்கும். தொழில் பாசம் யாரை விட்டது? மாப்பிள்ளை அந்தக் குண்டைப் பார்க்கப் போய் அவரோடு ஒட்டிக்கொண்டான். ஒரு நாள் சாயங்காலம் அவரை வேலையிடத்துக்கே கூட்டிவந்துவிட்டான். வந்தவர் எங்கள் நூலைப் பார்த்துவிட்டு மலையைப் பார்த்தார்.

"கொத்தனாரே, இந்தக் குண்டு நேரா கீழ பாக்குதுன்னா நினைக்கிறீங்க?"

"பின்ன மேலயா பாக்கும்?" என்றேன்.

"பூமி கீழ இழுக்குது. அதோட, இந்த மலையும் பக்கத்துல இருந்து கொஞ்சம் இழுக்குது."

"மலைக்குக் கை எங்கங்க இருக்கு?"

அவர் கோபப்படவில்லை. ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு மண் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். "கை வேணாம். உலகத்துல உள்ள எல்லாப் பொருளும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. இந்தக் கல்லு உங்களை இழுக்குது, நீங்க கல்லை இழுக்கறீங்க. ஆனா ரெண்டு பேர் கிட்டயும் சரக்கு கம்மி, அதனால தெரியல. பூமி எம்மாம் பெரிய உருண்டை! அதுகிட்ட சரக்கு ஏராளம். அதான் கைய விட்டா கல்லு அது பக்கம் ஓடுது."

கல்லைக் கீழே விட்டார். விழுந்தது. இதைச் சொல்ல ஒரு சர்வே ஐயா வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

"தூரம் போகப் போக இழுப்பு கொறையும். ரெண்டு மடங்கு தள்ளிப் போனா நாலுல ஒரு பங்குதான் இருக்கும். நிலா அவ்வளவு தூரத்துல இருக்கு, இருந்தும் பூமி அதை விடல."

"அப்ப நிலா ஏங்க தலையில விழல?" என்று கேட்டான் மாப்பிள்ளை. வாய் பிளந்திருந்தது.

"விழுந்துக்கிட்டேதான் இருக்கு, தம்பி. பக்கவாட்டுல ஓடற ஓட்டத்துல பூமியத் தவறவிட்டுத் தவறவிட்டு விழுது. அதான் சுத்தி வருது."

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் சரிங்க. கயிறு இல்ல, கொக்கி இல்ல, நடுவுல ஒண்ணுமே இல்ல. ஏன் இழுக்குது? அதச் சொல்லுங்க."

அவர் தாடையைச் சொறிந்தார். "எவ்வளவு இழுக்கும்னு கேட்டா சொல்லிடலாம். ஏன்னு கேட்டா… இழுப்புன்னே ஒண்ணு இல்ல, சரக்கு இருக்கற எடத்துல இடமே வளைஞ்சு கிடக்கு, பொருள் அந்த வளைவுல போகுதுன்னு சீமையில இப்ப ஒருத்தர் சொல்றாராம். எனக்கே அது சரியாப் புரியல."

"இடமே வளைஞ்சு கிடந்தா நாங்க எப்படிங்க சுவர் எழுப்பறது?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற படித்தவனை நான் அதுவரை கண்டதில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. இந்த ஆள் எதற்காக வேலை மெனக்கெட்டுக் கொத்தனிடம் வந்து நிலாவைப் பற்றிப் பேசுகிறான்? துரைக்கு உளவு சொல்கிறவனோ? மாப்பிள்ளையோ அன்றிலிருந்து குண்டைத் தொங்கவிடும் போதெல்லாம் ஒரு தரம் மலையைத் திரும்பிப் பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனைப் பற்றி வேறொரு சந்தேகமும் எனக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சீனத் தச்சனின் கொட்டகைப் பக்கம் போய்விடுவான். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். கிட்டே வந்தால் ஒரு நெடி. கேட்டால், "சும்மா பேசிக்கிட்டிருந்தேன் மச்சான்" என்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கொட்டகையில் சம்சு சாராயம் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். நிறைமாதப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு குடியா? என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"என் தம்பி குடிக்க மாட்டான்."

"நீ மோந்து பாத்தியா?"

"உங்க மூக்கு உங்களுக்கே எதிரி. போயி குளிச்சிட்டு வாங்க."

சுவர்கள் எழும்பின. வெளிப்பக்கம் மூன்றடிக்கு ஒரு முறை சாரம் ஏற்றுவோம். ஏற்றிய இடத்தில் நின்று அந்த மூன்றடிக்கு மட்டும் நூல் விட்டுப் பார்ப்போம். உச்சியிலிருந்து அடிவரை ஒரே நூலாக விட்டுப் பார்க்கச் சாரப் பலகைகள் குறுக்கே நின்றன. ஒவ்வொரு மூன்றடிக்கும் அவன் குண்டு தொட்டும் தொடாமலும் நின்றது. என் குண்டும் அப்படித்தான். ஆறு தடவை சாரம் ஏற்றி முடித்தோம். சாரத்தைப் பிரித்தோம். மழைக்கு முன்னால் முடித்துவிட்டோம் என்று துரை எங்கள் முதுகில் தட்டினார்.

அடுத்த வாரம் தச்சன் உள்ளே கம்பம் நிறுத்த வந்தான். மலைப்பக்கச் சுவரையொட்டி முதல் கம்பத்தை நட்டான். நட்டவன் பின்னால் போய்ப் பார்த்தான், முன்னால் வந்து பார்த்தான். தன் நூலை விட்டுப் பார்த்தான். அப்புறம் கம்பத்தை விட்டுவிட்டுச் சுவரைத் தட்டினான்.

"தெம்போக் செங்கெட்," என்றான். சுவர் சாய்ந்திருக்கிறது என்று மலாயில் சொன்னான்.

கம்பம் அடியில் சுவரை ஒட்டி நிற்கிறது. உச்சியில் சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் முக்கால் அங்குலம் இடைவெளி. சுவர் வெளிப்பக்கமாக, மலையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. அடியில் தீ எரியப்போகிற கட்டடம். மேலே கூரைப் பாரம். வெளியே சாய்ந்த சுவர் எத்தனை நாள் நிற்கும்?

துரை வந்தார். எங்களோடு பேசிப் பேசித் தோட்டத்துத் தமிழ் கற்றவர். "யார் சுவர் இது?" என்றார். மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்து நின்றான். "என்னா வேலை செஞ்சது நீ? குடிச்சது?"

"இல்லீங்க தொர. ஒவ்வொரு தடவையும் நூல் விட்டுத்தான் பாத்தேன். சரியாத்தான் இருந்திச்சு."

"சரியா இருந்தா எப்படிச் சாயும்?"

தப்பிக்க வழியில்லாதவன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பான் அல்லவா, அவன் மலையைப் பிடித்தான். "மலை இழுக்குதுங்க தொர. குண்டை மலை இழுத்திருக்கும். சர்வே ஐயா சொன்னாருங்க."

கூடி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். துரையின் முகம் சிவந்துவிட்டது. "வேலை கெடுத்துட்டு மலை மேல பழி போடறது! ஞாயித்துக்கிழமை காலையில லாரி போகும். அதுல நீயும் உன் சம்சாரமும் போயிடணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பெரிய கொத்தன், நீ என்ன சொல்றது?"

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் வேலை சுத்தமானது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அவன் கட்டிய சுவருக்கு அடுத்த சுவரை நான் கட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நெடி என் மூக்கில் இருந்தது. வேண்டுமென்றே சாந்தைக் குறைத்திருப்பானோ, குடி மயக்கத்தில் கை நடுங்கியிருக்குமோ, மலைக் கதையை முன்கூட்டியே சர்வேக்காரனோடு பேசி வைத்திருப்பானோ என்றெல்லாம் புத்தி ஓடியது.

"எனக்குத் தெரியாதுங்க தொர. அவன் வேலை அவனோடது," என்றேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான்.

வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவ எங்க போயிப் பெத்துக்குவா? லாரியிலயா?" என்று கேட்டாள். நான் சர்வேக்காரனைத் திட்டினேன். அவள் கத்திவிட்டாள். "மலைக்குக் கை இருக்கா, கயிறு இருக்கான்னு வந்தவர்கிட்ட எல்லாம் நின்னு விசாரிக்கிறீங்க. எங்கூடப் பொறந்தவன்கிட்ட, என்னடா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, மறுநாள் விடிந்ததும் சர்வே ஐயாவின் கூடாரத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "நீங்க சொன்ன கதையாலதான் ஒரு குடும்பம் தெருவுக்குப் போகுது!"

நடந்ததைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, முக்கால் அங்குலமா? கொத்தனாரே, இந்த மலை உங்க நூலைத் தள்ளினா ஒரு தலைமுடி அகலம் தள்ளும், அதுவே சந்தேகம். பூமிக்கு முன்னால இந்த மலை ஒரு கொசு. அதோட இன்னொண்ணு. மலை குண்டை இழுத்தா சுவரையும் அதே மாதிரிதானே இழுக்கும்? நம்மளையும் இழுக்கும். அப்ப குண்டு காட்டறதுதான் அந்த எடத்துக்கு நேர். அந்த நேர்ல நின்ன சுவர் விழாது."

நான் கிளம்பத் திரும்பினேன்.

"மலைதான் காரணம்னா," என்றார், சாமானைக் கட்டிக்கொண்டே, "அவர் சுவரை மட்டுமா இழுக்கும்? உங்க சுவரும் இழுபட்டிருக்கணுமே. பாத்தீங்களா?"

அவர் அன்றே வேலையாட்களோடு காட்டு எல்லைக்குப் போய்விட்டார். என் சுவராவது சாய்வதாவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகப் புகைக்கூடத்துக்குப் போனேன். ஏணி போட்டு உச்சியில் ஓர் ஆணி அடித்து, வெளிப்பக்கமாக நூலைச் சரியாக மூன்று அங்குலம் தள்ளித் தொங்கவிட்டேன். குண்டு ஆடி அடங்கும்வரை காத்திருந்தேன். அடியில் அங்குலக்கோலை வைத்தேன்.

இரண்டேகால்.

மறுபடி வைத்தேன். இரண்டேகால்தான். என் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. முக்கால் அங்குலம், அதே முக்கால். லயத்துப் பக்கச் சுவர் உள்பக்கம் சாய்ந்தால் அதுவும் மலையைப் பார்த்துத்தான் சாய்கிறது. இரண்டு சுவரும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, லேடாங்கைப் பார்த்துத் தலை சாய்த்துக்கொண்டு நின்றன. பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மலையைத் திரும்பிப் பார்த்தேன். உச்சியில் மேகம் போட்டிருந்தது. முதல்முறையாக அந்த மலையின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

துரையிடம் ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. என் சுவரும் சாய்ந்தது என்று தெரிந்தால் என் சீட்டையும் கிழித்துவிடுவார். தச்சன் இன்னும் என் பக்கம் வரவில்லை. உள்ளே சாய்ந்த சுவரைக் கூரை தாங்கிப் பிடித்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாமலே போகலாம். ஆணியைப் பிடுங்கினேன், துளையில் சாந்து வைத்துப் பூசினேன். வீட்டுக்குப் போனேன். வெள்ளியும் சனியும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டதோடு சரி.

ஞாயிறு காலை என் மனைவி தம்பி வீட்டுக்குச் சாமான் கட்டப் போய்விட்டாள். போகும்போது, "அவன் கருவிங்க உங்ககிட்ட பூட்டிக் கெடக்கு. அதையாவது கொடுத்தனுப்புங்க," என்றாள். சாவி பெரிய கொத்தன் கையில்தானே. கருவிக் கொட்டகையைத் திறந்தேன்.

அவன் கரண்டியைச் சாக்கில் போட்டேன், சுத்தியலைப் போட்டேன். அவன் தூக்குக்குண்டைக் கையில் எடுத்தேன். சந்தனம் எப்போதோ உதிர்ந்து பித்தளை பளபளத்தது. பிடித்த கையோடு அதை ஓர் ஆணியில் மாட்டினேன். பக்கத்து ஆணியில் என் குண்டை மாட்டினேன். மலை எதை அதிகமாக இழுக்கிறது, பார்த்துவிடலாமே! கனமான குண்டு மலைப்பக்கம் ஒரு மயிரிழையாவது கூடப் போகும் என்று எதிர்பார்த்தேன். ஆட்டம் நின்றதும் இரண்டு நூலுக்கும் நடுவே மேலே அளந்தேன், கீழே அளந்தேன். ஒரே அளவு. கனமான குண்டும் லேசான குண்டும் ஒரே திசையைக் காட்டிக்கொண்டு அமைதியாக நின்றன. நூல் பொய் சொல்லவில்லை. மலையும் ஒரு பாவமும் செய்யவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இரண்டில் எது கனம்? என் குண்டுதான் பெரியது, கனமானது. ஊரில் பித்தளைக்காரன் கால் அங்குலம் பருமன் கூட்டியே கடைந்து கொடுத்தது. ஆனால் இங்கே லேசாகத் தொங்குவது என் ஆணியில் அல்லவா?

கட்டைகளை எடுத்தேன். கொத்தன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும், கட்டையின் அகலமும் குண்டின் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. ஒரு குண்டுக்கு ஒரு கட்டை, புருஷன் பெண்டாட்டி மாதிரி. அவன் கட்டைமேல் அவன் குண்டை வைத்தேன். குண்டு இரண்டு பக்கமும் அரைக்கால் அங்குலம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, பிதுங்கி நின்றது. என் கட்டையில் என் குண்டு இரண்டு பக்கமும் அரைக்கால் அங்குலம் உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. மாற்றி வைத்தேன். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

பெரிய குண்டு மூன்றடிக்கு ஓர் அரைக்கால் அங்குலம் அவன் சுவரை வெளியே தள்ளியிருக்கிறது. சின்னக் குண்டு அதே அரைக்காலை என் சுவரில் உள்ளே இழுத்திருக்கிறது. ஆறு தடவை சாரம் ஏற்றினோம். ஆறு அரைக்கால், முக்கால்.

குண்டுகளை மாற்றியது யார்? பூசையன்று புது நூல் கட்டியது யார்? சந்தனம் அப்பிய இரண்டு உருண்டைகளை எடுத்து, தேங்காய் மூடியைத் தேடிக்கொண்டே, உன்னுது இது, என்னுது இது என்று பங்கு வைத்தது யார் கை? கொட்டகையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சந்தேகப்படுவதற்கு வேறு ஆளே மிஞ்சவில்லை.

இரண்டு குண்டையும் இரண்டு கட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன். லாரி இன்னும் வரவில்லை. சாலையோரம் தகரப் பெட்டியின் மேல் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. என் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாமான்களோடு சாமானாக ஒரு மரத்தொட்டில். புதுசு. கிட்டே போனதும் அந்த நெடி குப்பென்று அடித்தது. வார்னிஷ்.

சீனத் தச்சன் கொட்டகையில் அவன் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான். பிறப்பதற்கு முன்னால் தொட்டில் செய்தால் ஆகாது என்று பெண்கள் ஏசுவார்களே, அதற்குப் பயந்துகொண்டு ஒளித்து ஒளித்து.

குண்டைக் கட்டைமேல் வைத்துக் காட்டினேன். அவனும் கொத்தன். ஒரு பார்வை போதும்.

"அட," என்றான் மெதுவாக.

"உனக்குத் தெரியவே இல்லையாடா? கையில பிடிச்சா கனம் தெரியாது?"

"தெரிஞ்சுது மச்சான். மொத நாளே கை சொல்லிச்சு, இது வேற மாதிரி இருக்கேன்னு." சிரிக்க முயன்றான். "நீங்க எடுத்துக் குடுத்தது. மாறியா இருக்கும்னு அப்படியே விட்டுட்டேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அத்தனை பேர் நடுவில் சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து, அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "வா, தொரகிட்ட போலாம். மாத்தினது நான்னு சொல்றேன். என் சுவரும் சாய்ஞ்சிருக்கு, அதையும் சொல்றேன்."

"வேணாம் மச்சான். ரெண்டு பேரையும் அனுப்பிட்டா அக்கா என்ன பண்ணும்?"

"அக்கா வரும்," என்றாள் என் மனைவி. "மொதல்ல போயிச் சொல்லுங்க."

துரை பங்களா வாசலில் நின்றுகொண்டே கேட்டார். குண்டையும் கட்டையையும் தானே வாங்கி, சேர்த்துச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு சுவரையும் இடித்துக் கட்டச் சொன்னார். அந்த வேலைக்கு எனக்குக் கூலி இல்லை என்றார். பெரிய கொத்தன் இனி அவன், நீ அவன் கீழே என்றார். நான் தலையாட்டினேன். லாரி காலியாகப் போயிற்று. அடுத்த வாரமே அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, லயத்திலேயே, வார்னிஷ் நெடி போகாத அந்தத் தொட்டிலுக்கு.

மறு வருஷம் ஆயுத பூசை வந்தது. பெரிய கொத்தன் அவன், கருவியை எடுத்துக் கொடுக்க வேண்டியவனும் அவன். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். தீபாராதனை முடிந்ததும் அவன் இலையிலிருந்து விலகிக்கொண்டான். "வயசுக்கு மூத்தவர் நீங்கதான் மச்சான், எடுத்துக் குடுங்க," என்றான்.

நான் குந்தி உட்கார்ந்து, குண்டுகளைக் கட்டைகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, மூன்றாம் தடவையும் பார்த்தேன். அத்தனை நேரமும் அவன் தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசியபடி, இந்தப் பக்கம் திரும்பாமலே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.